சித்திரையில் நாகேஸ்வரருக்குச் சூரிய பூஜை

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து பார்வை திரும்பினால், கும்பகோணம் நாகேஸ்வரர் சன்னதியில் சூரிய பூஜையைத் தரிசிக்க வேண்டும் என்பது அம்மாவின் வேண்டுதல். ஒளி மங்கிய சூரிய பகவானே வந்து கும்பிட்டு ஒளி பெற்ற தலம். கண் போய் வந்தவர்கள் வேறு எங்கே போய் நன்றி சொல்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தச் சித்திரையில் நாகேஸ்வரன் அழைத்துக்கொண்டான்.

சித்திரை 11, 12, 13 தேதிகளில் காலைக் கிரணம் ராஜகோபுர வாசல் வழியாக வந்து லிங்கத் திருமேனியைத் தொடும். 12-ஆம் தேதி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை. அதற்குள் அப்படி ஒரு கூட்டம். தெருவில் ஒருவர், பணம் கொடுத்தால் சுவாமிக்கு நேர் எதிரே நிறுத்துகிறேன் என்று அம்மாவின் பின்னாலேயே வந்தார். வேண்டுதலோடு வரும் வயதானவர்களைக் குறிவைத்துப் பிடுங்குவது பெரிய பாவம். சரி என்று அவரைத் தாண்டி உள்ளே போனால், எல்லார் கையிலும் செல்போன். முன்னால் நிற்பவர் கையைத் தூக்கினால் பின்னால் நிற்பவருக்குச் சுவாமி இல்லை. இடிபட்டு இடிபட்டு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. முகம் தெரியாத ஒரு பெண்மணி "பாட்டி, நீங்க முன்னால வாங்க" என்று தன் இடத்தை விட்டுக் கொடுத்தார். அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் வெளிச்சம் வந்தது. முதலில் தூபப் புகைக்குள் ஒரு மஞ்சள் கோடு. அப்புறம் லிங்கத்தின் மேல்பகுதியான பாணத்தின் உச்சியில் பட்டது. சூரியன் மேலே ஏற ஏற, ஒளி கீழே பீடமான ஆவுடையாரை நோக்கி இறங்கியது. நிற்கவே இல்லை. பூமி தன்னைத்தானே சுற்றும் வேகத்தில், சூரியன் தன் அகல அளவு நகர இரண்டு நிமிடம் போதும். அம்மா கைகூப்பவும் மறந்து, கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியுதுடா, நல்லா தெரியுது" என்றார். எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

பூமியின் பாரத்தைத் தாங்கப் பலம் கேட்டு ஆதிசேஷன் வழிபட்ட சுவாமி இவர். அந்தப் பூமி, அச்சு 23.4 டிகிரி சாய்ந்தபடியே நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைப் பிரதட்சிணம் வருகிறது. அந்தச் சாய்வால்தான் வெயிலும் குளிரும் மாறி மாறி வருகின்றன. சூரியன் உதிக்கும் இடமும் நாளுக்கு நாள் நகர்கிறது. மார்ச் 20 வாக்கில் நேர் கிழக்கு; அங்கிருந்து ஜூன் 21 வரை வடக்கே போய்த் திரும்புகிறது. சித்திரை 12 அன்று நேர் கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 13 டிகிரி. ஒரு நாளுக்கு மூன்றில் ஒரு டிகிரி விலகுவதால், சில நாளிலேயே, அத்தனை தூரம் உள்ளே இருக்கும் கருவறைக்கு ஒளி தப்பிவிடும். பூமி ஆண்டுக்கு 94 கோடி கிலோமீட்டர் சுற்றி வந்து, இத்தனை பேரையும் சுமந்துகொண்டு, இந்த வாசலை மறுபடி அதே வெளிச்சத்துக்கு நேராக நிறுத்துகிறதே, அதை என்ன சொல்ல! கல்லுக்குள் வெளிச்சத்துக்கு வழி விட்ட ஸ்தபதிகளை நினைத்து விழுந்து கும்பிட்டேன்.

பெரியநாயகி சன்னதியில் உட்கார்ந்திருந்தபோது, சூரியன் தெற்கே திரும்பும் வழியில் ஆகஸ்ட் 17, 18 வாக்கில் இதே இடத்தில் மறுபடி உதிக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்போ ஆவணி பிறக்கும்போதும் வந்து கும்பிடுவார்னு சொல்லு. மேகம் இல்லாம இருக்கணும், நாமளும் வரணும்" என்றார். நாகேஸ்வரா, பார்வையைத் தந்தாய், தரிசனமும் தந்தாய். ஆவணிக்கும் கூப்பிடு, அம்மாவோடு ஓடி வருகிறேன்.