வட்டப் பிரம்பு இருக்கை: மூலைவாட்டுப் பட்டை ஒருவழியாக வழுக்கி ஓடியது

நேற்று ராத்திரி பிரம்புப் பின்னலின் ஆறாவது கட்டம் முடிந்தது. வளைமர நாற்காலியின் வட்ட இருக்கையில், இரண்டாவது மூலைவாட்டுப் பட்டை, அதாவது சாய்வாகக் கோக்கும் பிரம்புப் பட்டை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எங்கேயும் கடிக்காமல் ஓடியிருக்கிறது. ஓரக்கட்டு இன்னும் போடவில்லை. அடியில் முடிச்சுகள் தாறுமாறாகத் தொங்குகின்றன. அதெல்லாம் பரவாயில்லை, பீற்றிக்கொள்ள இது போதும்.

முதலில் இந்த நாற்காலியை ஏன் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பழைய நாற்காலி தேடுகிறவர்களில் பாதிப் பேர் இருக்கை நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எனக்கு இருக்கை பிய்ந்து கிடந்தால்தான் சந்தோஷம். பிரம்பு என்றைக்கானாலும் தேய்ந்து அறுகிற பொருள். எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மாற்ற முடியாதது சட்டம். அதனால் கண் போகவேண்டிய இடம் துளைகள். வட்டச் சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள் அல்லவா, தபால்தலை ஓரம் போல அந்த வரிசையிலேயே மரம் பிளக்கும். நாற்காலியைக் கவிழ்த்து, துளைக்கும் துளைக்கும் நடுவே நகத்தை ஓட்டிப் பார்த்தால் கீறல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒன்றிரண்டு மயிரிழைக் கீறல் என்றால் பசை விட்டு இறுக்கிக்கொள்ளலாம். இரண்டு மூன்று துளைகள் சேர்ந்து ஒரே பள்ளமாகியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் வண்டு. வளைமர நாற்காலிகள் பெரும்பாலும் பீச் மரம், வண்டுக்கு அது விருந்து. ஓட்டை இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டாம், ஓட்டையிலிருந்து வெளிறிய புதுத் தூள் கொட்டுகிறதா என்பதே கேள்வி. கறுப்புத் தாளின் மேல் வைத்துத் தட்டினால் விடை வந்துவிடும்.

'தோனெட்' என்று சொல்லி விற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைமர நாற்காலிகளுக்குப் பேர்போன மைக்கேல் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலி 1859இல் வந்தது. ஆறு வளைமரத் துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள், அவ்வளவுதான் மொத்த நாற்காலியும். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. மரத்தை ஆவியில் வேகவைத்து, வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டை கட்டி வளைத்தார்கள். இழுவிசையை இரும்பு வாங்கிக்கொள்ளும், மரம் வெறுமனே அமுங்கும், அதனால் பிளக்காது. காப்புரிமை 1869இல் முடிந்ததும் கோன் என்ற நிறுவனம் உட்பட ஆளாளுக்கு அதையே செய்ய ஆரம்பித்தார்கள். ஆக, வளைந்த நாற்காலி எல்லாம் தோனெட் இல்லை. இருக்கை வளையத்தின் உட்பக்கத்தில் முத்திரையோ காகிதச் சீட்டோ இருந்தால் பேசலாம். என்னுடையதில் சீட்டு கிழிந்த தடம் மட்டும் இருக்கிறது. யார் செய்தது என்று தெரியாது, எனக்குக் கவலையும் இல்லை. கூட்டல்குறித் தலைத் திருகாணி இருந்தால் மட்டும் கவனம்: அந்தத் தலை 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதைவிடப் பழையது என்று சொல்லப்படும் நாற்காலியில் அது இருந்தால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சரி, பின்னலுக்கு வருவோம். பழைய பிரம்பைப் பிடுங்குவது, துளைகளைத் துப்புரவாக்குவது எல்லாம் தெரிந்த கதை. ஒன்று மட்டும்: துளையின் மேல்விளிம்பை உப்புத்தாளைச் சுருட்டி லேசாக மழுக்கிவிடுங்கள். கூர்விளிம்புதான் பிரம்பை முதலில் அறுக்கிறது. துளைகளின் மையத்துக்கு மையம் 16 மி.மீ. இருந்தால் 2.5 மி.மீ. பட்டை, 19 மி.மீ. இருந்தால் 3 மி.மீ. பட்டை. எனக்கு 16. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் நிறம் செத்துவிடும்.

முதல் நான்கு கட்டங்கள்: முன்னிருந்து பின்னாகப் போகும் நெட்டு, பக்கவாட்டில் போகும் குறுக்கு, மறுபடி நெட்டு, அப்புறம் கோத்து வாங்குகிற குறுக்கு. சதுர இருக்கையில் இது தூக்கத்தில்கூட வரும். வட்டத்தில் ஓரங்களுக்குப் போகப்போக, எந்தத் துளையில் இறக்கினால் பட்டை இணையாக நிற்கும் என்று பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். முன்னும் பின்னும் நடுத்துளையைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து போனேன். முதல் மூன்று கட்டத்தையும் விண்ணென்று இழுக்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். காயும்போது பிரம்பு தானே இறுகும். இப்போதே இறுக்கிவிட்டால் ஐந்தாவது, ஆறாவது கட்டத்தில் பட்டை நுழைய இடமே இருக்காது.

இனி அந்த மூலைவாட்டு. நான்காவது கட்டம் முடிந்ததும் எல்லாரும் செய்கிற அவசரம், உடனே ஐந்தாவதைத் தொடங்குவது. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பின்னலை ஈரத் துணியால் நனைத்து, இரண்டு மரமுளைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, நெட்டுச் சோடிகளையும் குறுக்குச் சோடிகளையும் நெருக்கி நெருக்கித் தள்ள வேண்டும். இரண்டிரண்டு பட்டையும் ஒட்டிக்கொண்டு, நடுவே சுத்தமான சதுர ஓட்டை திறக்கும்வரை. சலிப்பான வேலைதான். ஆனால் மூலைவாட்டுப் பட்டை ஓடுவதற்கான பாதையே அந்தச் சதுரத்தின் மூலைகளில்தான் உருவாகிறது.

ஒரு மூலைவாட்டு, நெட்டுச் சோடிக்கு மேலும் குறுக்குச் சோடிக்குக் கீழும் போகும். எதிர்த்திசைப் பட்டை இதற்கு நேர்மாறு. எந்தச் சாய்வுக்கு எது என்பது நான்காவது கட்டத்தில் எந்த நெட்டுக்கு மேலே போனீர்கள் என்பதைப் பொறுத்தது. புத்தகப் படத்தை வைத்துக்கொண்டு குழம்புவதைவிட ஒரு சோதனை இருக்கிறது: பட்டையை நாலைந்து சதுரம் கோத்து, முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சரியான பக்கம் என்றால் சோடிகள் கூடுமிடத்தில் உள்ள மடிப்புக்குள் பட்டை பதிந்து, எண்ணெய் போட்டதுபோல் வழுக்கும். தவறான பக்கம் என்றால் ஒவ்வொரு சந்திப்பிலும் விளிம்பைப் பிடித்துக் கடிக்கும். இழுத்தால் டக்டக்கென்று சத்தம் வரும். மேலிருந்து பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். கடிக்கிற பின்னலில் நாலு பேர் உட்கார்ந்து எழுந்தால் உரசி உரசி அந்த இடமே அறுந்துபோகும்.

வட்டத்தில் இதற்கு மேல் ஒரு வம்பு. மூலைவாட்டு எங்கே தொடங்குவது? முன் நடுத்துளைக்கும் பக்கத்து நடுத்துளைக்கும் சரிபாதியில் உள்ள துளையிலிருந்து தொடங்கி, எதிரே அதே பாதித் துளையில் இறக்கினேன். அங்கிருந்து இரண்டு பக்கமும் போகும்போது சில துளைகளில் இரண்டு பட்டை இறங்கும், சில துளைகள் காலியாகவே நிற்கும். காலியாக விட மனசு வராது, விட்டுத்தான் ஆக வேண்டும். எந்தத் துளையை விட்டேனோ அதன் எதிர்த்துளையையும் விட்டால் சமச்சீர் தானாக வந்துவிடும். அடியில் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனேன். பளபளப்பான பக்கம் மேலே இருக்கிறதா என்று ஒவ்வொரு துளையிலும் பார்க்கவும், அடியில் ஒருதரம் முறுக்கிக்கொண்டால் அடுத்த வரி முழுக்கத் தலைகீழாகிவிடும்.

பட்டை விற்றவரைப் பற்றிப் புலம்பாமல் இருக்க முடியவில்லை. 2.5 மி.மீ. என்று வாங்கிய கட்டில் கால்வாசி 3க்குப் பக்கத்தில் இருந்தது. கணு உள்ள இடத்தில் நார் பெயர்ந்து கிடந்தது. கேட்டால் "இயற்கைப் பொருள் சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார். இயற்கைப் பொருள்தான், ஆனால் அளவெடுத்துச் சீவித்தானே விற்கிறீர்கள்? கட்டைப் பிரித்ததும் ஒவ்வொரு பட்டையையும் இரு விரல் நடுவே ஓட்டுங்கள். ஒரு திசையில் கணு தட்டாமல் போகும், அந்தத் திசையில்தான் கோக்க வேண்டும். பிளாஸ்டிக் பட்டை வாங்கச் சொல்லும் நண்பர்களுக்கு: அது ஊறாது, காய்ந்து இறுகவும் செய்யாது. பழைய சட்டத்தில் அதைப் பார்க்க எனக்குக் கண் கூசுகிறது.

இதற்கிடையில் ஒரு முக்காலி வந்து சேர்ந்துவிட்டது. மூன்று கால், தடித்த வட்டப் பலகை, கால் பலகையைத் துளைத்து மேலே வந்து ஆப்பு அடித்த வகை. அளந்து பார்த்தேன்: மர ரேகையோடு 30 செ.மீ., குறுக்கே 29. இது நல்ல சகுனம். மரம் ரேகைக்குக் குறுக்காகத்தான் சுருங்கும், அதனால் பழைய வட்டம் லேசாக முட்டை வடிவாகிவிடும். கச்சிதமான வட்டம் என்றால் எனக்குச் சந்தேகம் வரும். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. ஆனால் மேலே ஏறி நின்று அலமாரியில் கை நீட்டினால் சாய்த்துவிடும், உட்கார மட்டும்தான்.

அதில் ஒரு கால் தளர்வு. யாரோ வெள்ளைப் பசையை ஊற்றி வைத்திருக்கிறார்கள். காய்ந்த அந்தப் பசைமேல் புதுப்பசை பிடிக்காது, முழுக்கச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பழைய வச்சிரப் பசையாக இருந்தால் வெந்நீரும் காடியும் போட்டே கழற்றியிருக்கலாம். புது ஆப்பு பலகையின் ரேகைக்குக் குறுக்காக நிற்க வேண்டும், ரேகையோடு அடித்தால் பலகையையே பிளந்துவிடும். சீவுவதற்குக் கொஞ்சம் ஓக் துண்டு வைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் வைக்க பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோவின் 60ஆம் எண் ஸ்டூல் ஒன்று கிடைத்தால் தேவலை. அது 1933இல் வந்தது, வளைத்த பிர்ச் கால் மூன்றையும் பலகையின் அடியில் திருகாணியாலேயே பிடித்திருப்பார்கள், துளையும் கிடையாது, ஆப்பும் கிடையாது. வாங்கும் முன் உயரத்தையும் பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேஜைக்கு 43 முதல் 46 செ.மீ. சரி, 90 செ.மீ. சமையல் மேடைக்கு 60 முதல் 65 வேண்டும். பழைய ஸ்டூல்களில் காலை யாராவது அறுத்துக் குட்டையாக்கியிருப்பார்கள். காலடியின் வெட்டு புதிதாக, வெளிறி இருந்தால் அதுதான் விஷயம்.

நாற்காலிக்கு ஓரப்பட்டை 5 மி.மீ. சொல்லியிருக்கிறேன், வேறொரு கடையில். அது வருவதற்குள் முக்காலிக் காலைக் கழற்றத் தொடங்கிவிடுவேன் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.