மேலாளர் சரி என்றார், கையெழுத்து வரவில்லை: ஒரு கேஸ் ஸ்டடி அனுபவம்

வகுப்பில் விவாதிக்க ஒரு நிறுவனத்தின் நிஜ நிலைமையை வைத்து எழுதிய என் கேஸ் ஸ்டடியும், அதை எப்படி நடத்துவது என்று ஆசிரியருக்குச் சொல்லும் டீச்சிங் நோட்டும் போன வாரம் ஒருவழியாக ஏற்கப்பட்டன. எட்டு மாத வேலை. அதில் மூன்று மாதமாவது தவிர்த்திருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எழுதுவது சிரமமாக இல்லை. உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்குக் குறைந்த விலையில் ஒரு பெரிய ஆர்டர் வருகிறது; ஏற்பதா வேண்டாமா என்று உற்பத்தி மேலாளர் முடிவெடுக்க வேண்டும். நான்கு பேட்டிகளில் கதை கைக்கு வந்துவிட்டது.

அடி விழுந்தது, கேஸை வெளியிட நிறுவனம் கையெழுத்திட்டுத் தர வேண்டிய அனுமதிக் கடிதத்தில். "தாராளமா எழுதுங்க சார், கையெழுத்தை நான் பாத்துக்கறேன்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். முழு வரைவையும் அனுப்பினேன். ஐந்து வாரம் சத்தமே இல்லை. அப்புறம் சட்டப் பிரிவிலிருந்து பதில் வந்தது: அனுமதி தர மேலாளருக்கு அதிகாரம் இல்லையாம்; பெயர், இடம், எண்கள் அத்தனையையும் மாற்றினால்தான் கையெழுத்தாம். பேட்டி கொடுப்பவரும் கையெழுத்துப் போடுபவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். முதல் பேட்டிக்கு முன்பே, யார் கையெழுத்துப் போடுவார் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பெயரை மாற்ற பத்து நிமிடம் போதும். எண்கள்தான் படுத்தின. விலையைக் கொஞ்சம் குறைத்தேன், மூலப்பொருள் செலவைக் கொஞ்சம் கூட்டினேன். கடைசியில் ஆர்டர் விலை செலவுக்குக் கீழே போய்விட்டது. யாரைக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். விவாதிக்க எதுவும் மிஞ்சவில்லை. பணத்தொகைகளை மட்டும், எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்குவதே வழி. உற்பத்தி எண்ணிக்கையைத் தொடாதீர்கள். விலையையும் எண்ணிக்கையையும் 1.3-ஆல் பெருக்கினால் வருமானம் 1.69 மடங்காகிவிடும், உற்பத்தி கூடினாலும் மாறாத நிலைச்செலவு 1.3 மடங்கில் நின்றுவிடும். லாபக் கணக்கு மொத்தமும் குலையும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. எந்த எண்ணால் பெருக்கினீர்கள் என்பதை மட்டும் கேஸிலோ நோட்டிலோ எழுதிவிடாதீர்கள்.

சோதனை வகுப்பில் இன்னொரு குட்டு உடைந்தது. 80 நிமிட விவாதத்துக்குத் திட்டமிட்டிருந்தேன். இருபதாவது நிமிடத்தில் வகுப்பு ஓய்ந்துவிட்டது. ஒரு மாணவி எழுந்து, "ஆர்டர் வேண்டாம்னு கேஸே சொல்லுதே சார்" என்றார். எடுத்துப் பார்த்தால், "மேலாளர் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தார்" என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியில் என் தீர்ப்பு இருந்தது. கருத்துச் சொல்லும் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி நீக்கினேன். தேவையான இடத்தில் அதையே ஒரு பாத்திரம் பேசும் பேச்சாக மாற்றினேன்.

டீச்சிங் நோட்டைக் கடைசியில் எழுதியது பெரிய தவறு. மதிப்பாய்வாளர் இரண்டே வரியில் திருப்பி அனுப்பினார்: நோட்டில் வரும் இயந்திர நேரக் கணக்குக்கான தரவு கேஸில் இல்லை, நான்கு கற்றல் நோக்கங்களில் ஒன்றுக்குக் கேள்வியே இல்லை. இரண்டும் உண்மை. பேட்டியில் கேட்ட விவரம் என் தலைக்குள் இருந்ததால், கேஸிலும் இருப்பதாக நினைத்துவிட்டேன். அப்புறம்தான் நோக்கம், கேள்வி, பதிலுக்கான தரவு கேஸின் எந்தப் பின்னிணைப்பில் இருக்கிறது என்று மூன்று நெடுவரிசையில் ஒரு அட்டவணை போட்டேன். காலியான கட்டங்கள் உடனே கண்ணில் பட்டன. இதை முதல் நாளே போட்டிருந்தால் இரண்டாம் சுற்றே வந்திருக்காது.

அனுப்புவதற்கு முன், கேஸைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு சக ஆசிரியரிடம் நோட்டைக் கொடுத்து வகுப்பெடுக்கச் சொன்னேன். நான் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை எழுபதாவது நிமிடத்திலும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து நின்றது. ஆர்டரை ஏற்கச் சொன்னவர்களில் முன்னால் நின்றவர், சோதனை வகுப்பில் எழுந்து கேட்ட அதே மாணவி.