பால்டிக்கின் நூறாண்டு அலை: கணக்கு எங்கே பிசகுகிறது?

கன்னியாகுமரிக் கரையில் காற்றே அசையாத நாளிலும் கள்ளக்கடல் ஏறி வரும். தெற்கே வெகுதொலைவில் வீசிய புயல் கிளப்பிய நீண்ட அலை அது. பால்டிக் கடலில் அதற்கு வழியில்லை. டென்மார்க்கின் குறுகிய நீரிணைகள் வடகடல் அலையை உள்ளே விடுவதில்லை. அங்கே எழுவதெல்லாம் அங்கேயே வீசும் காற்று எழுப்பியது. காற்று தணிந்தால் ஒரே நாளில் கடலும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதனால் கையாலேயே தோராயக் கணக்குப் போடலாம். காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும், காற்று தடையின்றி ஓடும் நீர்ப்பரப்பின் நீளத்தை மீட்டரிலும் எடுங்கள். வேகத்தை அந்த நீளத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, மறுபடி 0.0005 ஆல் பெருக்குங்கள். 25 மீட்டர் வேகம், 300 கிலோமீட்டர் நீளம் என்றால் விடை ஏறத்தாழ 7 மீட்டர். அந்த உயரத்தை எட்ட அதே காற்று 13, 14 மணி நேரம் விடாமல் வீச வேண்டும். பாதியில் திசை மாறினால் கணக்கு செல்லாது. இந்த 7 மீட்டர் தனி ஒரு அலையின் உயரம் அல்ல, மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. சில மணி நேரப் புயலில் தனி அலை ஒன்று இதைப்போல் 1.8, 1.9 மடங்கு எழக்கூடும்.

பின்லாந்து வளைகுடாவில் இந்தச் சூத்திரத்தை அப்படியே நம்பக் கூடாது. நீண்டு குறுகிய வளைகுடா அது. காற்று குறுக்காக வீசினாலும் பெரிய அலைகள் வளைகுடாவின் நீளவாக்கில் திரும்பிக்கொள்ளும். அங்கே மிதவை அளந்த உச்சம் 5.2 மீட்டர், 2001 நவம்பரில். வட பால்டிக் மிதவையில் உச்சம் 8.2 மீட்டர், 2004 டிசம்பர் 22 அன்று. தனி அலை 14 மீட்டர் அளவுக்கு எழுந்தது.

நூறாண்டுக்குச் சராசரியாக ஒரு முறை எட்டக்கூடிய உயரம்தான் நூறாண்டு அலை. அதை மதிப்பிடும் நீண்டகாலக் கணக்கில் முதல் சிக்கல் பனி. கடல் உறையும் முன் மிதவையை எடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் பனி நசுக்கிவிடும். வடகோடியான போத்னியா விரிகுடாவில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் பனிதான். அப்படியானால் சராசரி எதன் சராசரி? பனி இல்லாத நாட்களுக்கு மட்டுமா, பனி நாட்களில் அலை பூஜ்யம் என்று வைத்து ஆண்டு முழுவதற்குமா, பனியே உறையாது என்று கொண்ட கற்பனைக் கடலுக்கா? மூன்றுக்கும் மூன்று விடை. எதை எடுத்தார்கள் என்று சொல்லாத வரைபடத்தை நான் மதிப்பதில்லை. கரைச்சுவர் கட்டுபவருக்கு மூன்றாவதுதான் பாதுகாப்பு. பனி குறைந்துகொண்டே போகிறது. புயல் மாதங்களில் நீர் திறந்து கிடக்கிறது. 2019 ஜனவரி 1 அன்று, விரிகுடாவுக்குத் தெற்கே உள்ள போத்னியா கடலில் 8.1 மீட்டர் பதிவானது.

இரண்டாவது, 'ஆண்டு' என்பதை எங்கே வெட்டுவது என்பது. ஆண்டு உச்சங்களை ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று பிரித்தால் ஒரே குளிர்காலம் இரண்டாகிவிடும். 2004 டிசம்பர் புயலும் அடுத்த மாதம் வந்த குட்ருன் புயலும் ஒரே பருவத்துப் புயல்கள். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியுங்கள். ஓர் எல்லை உயரத்தைத் தாண்டிய புயல்களை எல்லாம் எடுக்கும் முறையில், இரண்டு உச்சங்களுக்கு இடையே இரண்டு, மூன்று நாள் இடைவெளி கட்டாயம். இல்லையென்றால் ஒரே புயலை இரண்டு முறை எண்ணிவிடுவோம்.

வட பால்டிக் மிதவைப் பதிவு 1996 முதல்தான். அந்த நீளத்தில் மூன்று, நான்கு மடங்குக்கு மேல் நீட்டுவது துணிச்சல். நூறாண்டு அலை அந்த விளிம்பில்தான் நிற்கிறது. மிதவை ஓரிடத்தில்தான் இருக்கிறது என்பது இன்னொரு குறை. குட்ருனில் அது அளந்தது 7.2 மீட்டர். அதே புயலில் எஸ்தோனியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் 9.5 மீட்டர் வரை எழுந்திருக்கலாம் என்கிறது கணினி மாதிரி.

அந்த மாதிரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் முடியாது. பழைய அளவீடுகளையும் கணினி மாதிரியையும் சேர்த்துக் கடந்தகால வானிலையை மீட்டெடுக்கும் உலகளாவிய மறுபகுப்பாய்வுத் தரவான ஈஆர்ஏ5இன் காற்றுக் கட்டம் ஒவ்வொன்றும் சுமார் 31 கிலோமீட்டர். பின்லாந்தின் தென்மேற்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான தீவுகள் அதில் காணாமல் போகும். கரையோரக் கட்டத்தில் நிலமும் கலந்துவிடுவதால் காற்று மெலிந்து தெரியும். மேலே சொன்ன சூத்திரப்படி காற்று 10 சதவீதம் குறைந்தால் அலையும் 10 சதவீதம் குறையும், அலையின் ஆற்றலோ ஏறத்தாழ 19 சதவீதம். முதலில் மிதவை அருகே மாதிரிக் காற்றை அளந்த காற்றோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள், அதுவும் புயல் நாட்களை மட்டும் தனியாக எடுத்து. எல்லா நாளின் சராசரிப் பிழை பெரும்பாலும் அழகாகத்தான் இருக்கும்.

உயரத்தோடு அலைக்காலத்தையும், அதாவது அடுத்தடுத்த இரண்டு முகடுகள் ஓரிடத்தைக் கடக்கும் இடைவெளியையும், எழுதிவையுங்கள். 8 வினாடி அலையின் நீளம் ஆழ்நீரில் 100 மீட்டர், 14 வினாடி அலைக்கு 300 மீட்டருக்கு மேல். ஒரே 5 மீட்டர் உயரம் முன்னதில் மூன்று மடங்கு செங்குத்தாக நிற்கும். 1994 செப்டம்பர் 28 அன்று 852 பேரைப் பலிகொண்டு எஸ்தோனியா கப்பல் மூழ்கியபோது, அலைகள் முன்முகப்பு மூடியை அடித்துப் பெயர்த்தன. அன்றைய அலை உயரம் சுமார் 4 மீட்டர். நூறாண்டு அலைக்கு அது பாதிகூட எட்டாது.