இரண்டு டொலர் பெட்டியில் கிடக்கும் கனடா

பழைய சாமான் கடைகளில் இசைத்தட்டுப் பெட்டி எப்போதும் தரையோடு ஒட்டின கீழ்த்தட்டில்தான் இருக்கும். குந்தியிருந்துதான் பார்க்கவேணும். முன்வரிசையில் நத்தார்ப் பாட்டுகள், உடற்பயிற்சித் தட்டுகள், யாரோ ஒரு பாட்டி வீட்டிலிருந்து வந்த பியானோ இசை. அவற்றுக்குப் பின்னால், தாடி வைத்த ஒருவர் கிற்றாரோடு வேலியில் சாய்ந்து நிற்கும் பழுப்பு உறைகள் நாலைந்து கிடக்கும். எழுபது எண்பதுகளின் கனடிய ஃபோக் (நாட்டார் பாணி), கன்ட்றிப் பாடகர்களின் தட்டுகள் அவை. புதிதாக வந்தவர்கள் அந்தப் பக்கம் கை நீட்டுவதில்லை. இங்கேயே பிறந்தவர்களிலும் பலருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. அதனால்தான் விலை இரண்டு மூன்று டொலர்.

கனடா எப்படிப்பட்ட நாடு என்று குடியுரிமைச் சோதனைக்குப் படிக்கும் புத்தகம் சொல்லும். இங்கே மனுசர் எப்படி உழைத்தார்கள், ஏன் ஊரைவிட்டுப் போனார்கள், போன இடத்தில் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பதை இந்தத் தட்டுகள்தான் சொல்கின்றன. முதலில் கேட்கவேண்டியது ஃபோக் பாடகர் ஸ்டான் றொஜர்ஸ் 1981இல் வெளியிட்ட ‘நோர்த்வெஸ்ற் பஸேஜ்’. தலைப்புப் பாட்டை மட்டும் நாடே பாடும். மிச்சப் பாட்டுகளை யாரும் பேசுவதில்லை. அதில் ‘தி இடியற்’ என்று ஒன்று. கிழக்குக் கரைக்காரன் ஒருவன் மேற்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இரவு வேலை செய்கிறான். மேற்பார்வையாளர் இல்லாத நேரம் வெளியே நடந்துகொண்டு யோசிக்கிறான்: ஊரிலேயே அரச உதவிப் பணத்தில் இருந்திருக்கலாம், பச்சைக் காட்டையும் கடலையும் விட்டுவிட்டு இந்தப் புகைக்குள் வந்தேனே, நான் முட்டாளா? நைற் ஷிஃப்ற் முடித்து விடிகாலை பஸ்ஸுக்கு நிற்கிற நம் ஆட்களுக்கு இதற்குப் பதவுரை தேவையில்லை. அதே தட்டில் ‘ஃபிறீ இன் தி ஹாபர்’: கிழக்குக் கரைத் தீவான நியூபவுண்ட்லாந்தின் ஹேர்மிற்றேஜ் குடாவில் திமிங்கிலங்கள் சுதந்திரமாக விளையாடுகின்றன, ஏனென்றால் மீனவரெல்லாம் எண்ணெய் வேலைக்கு மேற்கு மாகாணமான அல்பேர்ட்டாவுக்குப் போய்விட்டார்கள். நாட்டுக்குள்ளேயே புலம்பெயர்ந்தவர்களின் பாட்டு அது.

றொஜர்ஸ் 1983 யூன் 2ஆம் திகதி, சின்சினாட்டியில் அவசரமாக இறங்கிய எயார் கனடா விமானத்தில் பிடித்த தீயில் இறந்தார். வயது 33. நம்மவர் பெருந்தொகையாக இங்கே வரத் தொடங்கியது அந்த ஆண்டு இலங்கையில் நடந்த யூலைக் கலவரத்துக்குப் பிறகு. ஆகவே அவரை மேடையில் கேட்ட தமிழர் மிகச் சிலராகவே இருப்பார்கள். அவர் இறந்தபின் 1984இல் வந்த ‘ஃபுறம் ஃபிறெஷ் வோட்டர்’ பெரிய ஏரிகளைப் பற்றியது. ரொறொன்ரோவில் இருப்பவர் இதிலிருந்து தொடங்கினாலும் சரி. ஈரி ஏரியில் பெரிய மீன் குறைந்துபோய், நெத்தலியைவிடச் சற்றுப் பெரிய ஸ்மெல்ற் மீனைப் பிடித்து ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்கிற மீனவனின் கசப்பு ஒரு பாட்டில் இருக்கிறது. அந்த ஏரிக்கரை காரில் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்ச்சேரக்கூடிய தூரம்.

நியூபவுண்ட்லாந்து என்றால் றொன் ஹைன்ஸ். 1950இல் பிறந்து, ஃபெரிலாண்ட் என்ற கரையோர ஊரில் வளர்ந்து, 2015இல் இறந்தவர். 1976இல் அவர் எழுதிய ‘சொனிஸ் ட்றீம்’ அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் நாட்டார் பாட்டென்றே நினைக்கும் அளவுக்குப் பரவியது. எழுதினவர் பெயர் பரவவில்லை. தகப்பன் திரும்பி வராத கடலோடி, தனியே இருக்கும் தாய் மகனிடம் போகாதே என்கிறாள், மகனுக்குப் போகவேணும். தொலைபேசியில் தாயோடு கதைத்து வைத்த பிறகு இதைக் கேட்காமல் இருப்பது நல்லது. 1986 ஓகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் விடப்பட்ட 155 ஈழத்தமிழரை மீனவர்கள் தூக்கியெடுத்தது ஃபெரிலாண்ட் இருக்கிற இதே அவலன் தீபகற்பத்துக் கடலில்தான். ஆறு வருஷம் கழித்து, 1992 யூலையில், கொட் மீன்பிடி தடைசெய்யப்பட்டு அந்த மீனவரின் தொழிலே நின்றது. அடுத்த வருஷம் வந்த ஹைன்ஸின் ‘க்றையர்ஸ் பறடைஸ்’ தட்டை அந்த நினைவோடு கேட்டால் குரலின் கனம் விளங்கும்.

இனிக் கன்ட்றிப் பக்கம். இங்கேதான் உண்மையான புறக்கணிப்பு. ரொறொன்ரோவில் பிறந்த வில்லி பி. பெனற் 1975இல் ‘ட்றையிங் ரு ஸ்ரார்ட் அவுட் க்ளீன்’, 1977இல் ‘ஹோபோஸ் ரோன்ற்’ என்று இரண்டு தட்டுகளை ஒரு சிறிய நிறுவனத்தில் வெளியிட்டார். விற்கவில்லை. பின்னர் நீண்டகாலம் பாடகர் ஃபிரெட் ஈகிள்ஸ்மித்தின் குழுவில் மண்டோலினும் வாய் ஆர்மோனிக்காவும் வாசித்தார். 1996இல் மூன்று பாடகர்கள் சேர்ந்து அவருடைய பாட்டுகளை மட்டுமே பாடி ஒரு தட்டு போட்டார்கள்; தங்கள் குழுவுக்கும் அவர் பாட்டொன்றிலிருந்தே ‘பிளாக்கி அண்ட் த றோடியோ கிங்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அந்தக் குழுவைத் தெரிந்தவர்கள் பெனற்றைத் தெரிந்தவர்களைவிட அதிகம். அவர் குரல் அழகான குரல் அல்ல, நேர்மையான குரல்.

டேவிட் விஃபின் நேரெதிர்: கிணற்றடியிலிருந்து வருகிறமாதிரி ஆழ்ந்த குரல். பதின்வயதில் இங்கிலாந்திலிருந்து வந்தவர், அதாவது அவரும் ஒரு குடியேறி. 1971 தட்டில் இருக்கும் ‘ட்றைவிங் வீல்’ பாட்டை வேறு பலர் பாடிப் பெயரெடுத்தார்கள். ரயில் எஞ்சினின் இயக்குசக்கரம் கழன்றமாதிரி இருக்கிறது என்பதுதான் பாட்டின் மையம். இந்தப் படிமம் பிடிபடாவிட்டால் பாட்டு வெறும் காதல் புலம்பலாகத் தெரியும். 1973இல் வந்த ‘கோஸ்ற் ரு கோஸ்ற் ஃபீவர்’ இதைவிட நல்ல தட்டு என்பது எங்கள் கட்சி. பொப் கார்ப்பென்ரரின் ‘சைலன்ற் பஸேஜ்’ கதை இன்னும் மோசம்: எழுபதுகளின் நடுவில் பதிவாகி, ஒப்பந்தச் சிக்கலில் கிடந்து, 1984இல்தான் எட்மன்ரன் நிறுவனமொன்றால் வெளிவந்தது. பழைய பிரதிக்கு அலையவேண்டாம். 2014 மறுபதிப்பு நன்றாகவே ஒலிக்கிறது.

மிக்மாக் பழங்குடி வழியில் வந்த வில்லி டன்னை இந்தப் பட்டியலில் கடைசியில் சொல்வது நியாயமில்லை, ஆனால் அவரைக் கேட்க இந்த நாட்டின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்கவேணும். பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலையிலிருந்து தப்பி, 600 கிலோமீற்றர் தள்ளியிருந்த வீட்டுக்கு ரயில்பாதை வழியே நடந்து, 1966 ஒக்ரோபர்க் குளிரில் செத்துப்போன 12 வயதுச் சிறுவன் சானி வென்ஜக்கைப் பற்றி அவர் பாடியிருக்கிறார். 2021இல் வந்த தொகுப்பு எளிதில் கிடைக்கும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர் தெரியாவிட்டால் உறையின் பின்பக்கத்தையோ தட்டின் நடு லேபிளையோ பாருங்கள். நான்காகப் பிரித்த சிறு வட்டம், ஒவ்வொரு கால்பகுதியிலும் ஓர் ஆங்கில எழுத்து: எம், ஏ, பி, எல். இசை, கலைஞர், நிகழ்த்திய இடம், வரிகள் என்ற நான்கில் குறைந்தது இரண்டு கனடாவுக்குரியவை என்பதற்கு அது அடையாளம். 1971இல் ஏஎம் வானொலிகள் 30 வீதம் உள்நாட்டு இசை போடவேணும் என்று சட்டம் வந்தபோது, எது உள்நாட்டுப் பாட்டு என்று நிலையத்தார் ஒரே பார்வையில் அறிய உண்டாக்கிய முத்திரை. எழுபதுகளின் உறை, அந்த வட்டம், கேள்விப்படாத நிறுவனப் பெயர், நன்றிப் பட்டியலில் சின்னச் சின்ன ஊர்கள் — இந்த நாலும் சேர்ந்தால் துணிந்து வாங்கலாம்.

வாங்கமுன் தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பையும் லேபிளையும் மட்டும் பிடித்து, மேல்விளக்கின் ஒளி சரிவாக விழும்படி பாருங்கள். மெல்லிய மயிர்க்கீறல் பரவாயில்லை. நகத்தால் தடவும்போது தட்டுப்படுகிற கீறல் கட்டாயம் கேட்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பதால் ‘டிக்’ சத்தம் 1.8 செக்கனுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஒழுங்கில்லாமல் பொரிந்தால் அது தூசி அல்லது நிலைமின், கழுவினால் போகும். கறுப்பாக மினுங்க வேண்டிய பரப்பு சாம்பலாகத் தெரிந்தால், பாரமான ஊசியில் நூறு தடவை ஓடித் தேய்ந்தது, அதற்கு மருந்தில்லை. ஒற்றைக் குரலும் ஒற்றைக் கிற்றாரும் உள்ள தட்டில் தேய்மானத்தை மறைக்க மேளமும் இல்லை, வயலின் கூட்டமும் இல்லை. பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’ ஒலி சீறுவதுதான் முதல் அறிகுறி. உள்வட்டம் சிறியது, ஒரே நேரத்துக்குள் குறைந்த நீளப் பள்ளம்தான் ஊசிக்குக் கீழே ஓடுகிறது, அதனால் நுணுக்கமான அலைகள் நெருக்கமாகி முதலில் அங்கேதான் சிதையும். தரக்குறியீட்டில் ‘குட்’ என்று எழுதியிருந்தால் மோசம் என்று வாசிக்கவும். ‘விஜி பிளஸ்’ (வெரி குட் பிளஸ்) அல்லது அதற்கு மேல் வேண்டும்.

கழுவ: ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த தண்ணீர், 50 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பைல் அல்ககோல், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் இரண்டு துளி. மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் வழியே வட்டமாகத் துடைக்கவேணும், குறுக்கே அல்ல. லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் வடித்த தண்ணீரால் இன்னொருமுறை. குழாய்த் தண்ணீர் காயும்போது அதிலுள்ள சுண்ணாம்பு பள்ளத்திலேயே தங்கி, கழுவினதற்கு முன்பைவிட அதிகமாகப் பொரியும். கோப்பை அடுக்கும் தட்டில் நிமிர்த்தி வைத்து ஒரு மணித்தியாலம் காயவிடுங்கள். பெட்டியில் பாரமான, உடையக்கூடிய 78 சுற்றுப் பழந்தட்டு அகப்பட்டால் அதில் இந்தக் கலவையைத் தொடாதேயுங்கள்; அது அரக்குத் தட்டு, அல்ககோல் கரைத்துவிடும்.

பேஸ்மென்ற் வீட்டில் தட்டு வைப்பவருக்கு இரண்டு தொல்லை. கோடையில் ஈரம் ஏறி உறைகளில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரப்பதம் 60 வீதத்துக்கு மேல் போனால் ஈரமகற்றி ஓடவேணும். மாரியில் ஹீற்றர் காற்றை உலர்த்தி, தட்டை உறையிலிருந்து இழுக்கும்போதே நிலைமின் ஏறும்; காகித உள்ளுறையை மாற்றி பொலித்தீன் உள்ளுறை போட்டால் பாதி குறையும். சுழல்தட்டுப் பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில் அடித்த பலகையில் வையுங்கள். பக்கத்தில் யாரும் நடந்தாலோ உடுப்புத் தோய்க்கும் மெசின் சுழன்றாலோ ஊசி துள்ளாது. மைனஸ் 20இல் காரில் கிடந்த தட்டை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் பையைத் திறக்கவேண்டாம். ஒரு மணித்தியாலம் மூடியபடியே சூடேறட்டும், இல்லாவிட்டால் வியர்க்கும்.

சூட்கேஸ் வடிவில் மலிவாக விற்கும் பிளேயர்கள் பல ஐந்து கிராம் அளவு பாரத்தோடு ஊசியை அழுத்துகின்றன. நல்ல காந்த ஊசிக்கு 1.5 முதல் 2.5 கிராம்தான். ஊசியைத் தாங்கும் கையின் பின்முனையிலுள்ள எதிர்ப்பாரத்தைத் திருகி, அந்தக் கை காற்றில் தராசுபோல் சமமாக மிதக்கும் இடத்தைச் சூனியமாக வைத்து, அங்கிருந்து ஊசிக்குரிய அளவுக்குக் கூட்டுங்கள். எல்லாம் பூட்டியும் சத்தம் ஈனஸ்வரத்தில், அடிக்குரலே இல்லாமல் கேட்டால் பெட்டி பழுதில்லை. இடையில் ஃபோனோ முன்பெருக்கி இல்லை. தட்டை வெட்டும்போது வேண்டுமென்றே குறைத்த தாழ்சுருதியைத் திரும்பக் கூட்டுவது அதன் வேலை.

சினிமாப் பாட்டில் பழகின காதுக்கு முதல் தடவை இவை வெறிச்சென்றிருக்கும். சரணங்களுக்கிடையில் இசைக்கோவை இல்லை, குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து கதைக்கிறது. இரண்டு பிடிகள் உதவும். ஒன்று, பல்லவி மாறாது, ஆனால் ஒவ்வொரு சரணமும் அதன் அர்த்தத்தை மாற்றிவிட்டுப் போகும். மூன்றாம் முறை வரும் பல்லவியை மட்டும் கவனமாகக் கேளுங்கள். மற்றது, பெடல் ஸ்டீல் கிற்றார். பெரும்பாலும் பத்துத் தந்தி. இடக்கையில் உருக்குக் கட்டை தந்தியின்மேல் வழுக்க, காலும் முழங்காலும் தந்தியை இறுக்கித் தளர்த்தும். சுரத்திலிருந்து சுரத்துக்குக் குதிக்காமல் இழுத்துப் போகும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கேட்டு வளர்ந்த காது அதை உடனே பிடித்துக்கொள்ளும்; கன்ட்றி இசைக்குள் நுழைய நமக்கு வாய்த்த வாசல் அதுதான்.

வரி விளங்காதபோது உள்ளுறையில் அச்சடித்த வரிகளை முதலில் வாசித்து, பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். தாளோடு சேர்த்துக் கேட்டால் கண்தான் கேட்கும். நியூபவுண்ட்லாந்து உச்சரிப்புக்கு மூன்று நாலு முறை தேவைப்படும். அங்கே வேலை கிடைத்துப் போகிறவர்களுக்கு அந்தப் பயிற்சி வீண்போகாது. நேரில் கேட்க விரும்பினால் 1961இல் தொடங்கிய மரிபோசா ஃபோக் விழா யூலையில் ஒறிலியாவில் நடக்கிறது. நுழைவுச்சீட்டு விலை கட்டுப்படியாகாவிட்டால் இப்படியான விழாக்களில் தொண்டராகப் பதியலாம்; சில மணித்தியாலம் வாகனத் தரிப்பிடத்தில் நின்றால் மிச்ச நேரம் பாட்டு. மடக்குக் கதிரை தாழ்ந்ததாக இருக்கவேணும், உயர்ந்த கதிரைக்காரரைப் பின்னால் அனுப்பிவிடுவார்கள். நுளம்பு மருந்தை மறக்கவேண்டாம்.