87 சைக்கிள், 174 சாவி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்

நேற்று நம்ம மேல்நிலைப் பள்ளியில் விலையில்லா மிதிவண்டி வழங்கும் விழா. விழா நடந்தது. மிதிவண்டியும் வழங்கப்பட்டது. ரெண்டும் ஒரே நேரத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

யார் மேல் தப்பு என்று கேட்டால் யார் மேலும் இல்லை. எல்லாரும் பொறுப்பாக நடந்துகொண்டதால் வந்த வினை.

போன புதன்கிழமையே லாரி வந்துவிட்டது. பிரேம் தனி, சக்கரம் தனி, மட்கார்டு தனி, பெடல் எல்லாம் ஒரு சாக்கில். பெண்பிள்ளைகளுக்கு நடுக்கம்பி இல்லாத வண்டி 49, பையன்களுக்குக் கம்பி வைத்தது 38. பிளஸ் டூ வகுப்பறையில் இறக்கினார்கள். பிளஸ் டூ வழக்கம்போல வேப்ப மரத்தடிக்குப் போனது. ஃபிட்டர் தம்பிகள் நாலு பேர், வண்டிக்கு இருபது நிமிஷம், ஒன்றரை நாளில் மொத்தத்தையும் பூட்டி முடித்து மைதானத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் அடுத்த பள்ளிக்கு வண்டி ஏறிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே விழா என்றுதான் பேச்சு. எம்.எல்.ஏ.வுக்கு வேறு ஏதோ கல்யாணம். திங்கட்கிழமை காலை பதினொரு மணி என்று மாறியது.

இனி வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ராத்திரி. காம்பவுண்டு சுவரில் அந்த ஓட்டை இருக்கிறதே, ஆடு வரும் ஓட்டை. ஆடு வந்தால் பின்னாலேயே ஆட்டுக்காரப் பயல்களும் வருவான்கள். அதனால் பி.டி. சார், "ஒரு சாவிகூட வண்டியில தொங்கக் கூடாது" என்று வாட்ச்மேன் தாத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நியாயமான பேச்சு.

பின் சக்கரத்தில் இருக்கும் அந்த வளையப் பூட்டின் குணம் தெரிந்ததுதானே. திறந்திருக்கும் வரை சாவி வெளியே வராது. கொண்டியைத் தள்ளிப் பூட்டினால்தான் சாவியை உருவ முடியும். ஆக, சாவியைக் கழற்றுவது என்றால் வண்டியைப் பூட்டுவது என்று அர்த்தம். தாத்தா 87 வண்டியையும் பூட்டினார். ஒவ்வொரு பூட்டுக்கும் ரெண்டு சாவி, மெல்லிய கம்பியில் கோத்திருந்தது. ஒன்று பிள்ளைக்கு, ஒன்று ஆபீசுக்கு என்பது அவர் கணக்கு. உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக அறுத்து, ஒரு சாவியை ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் ஜோடிச் சாவியை மஞ்சப்பையிலும் போட்டார். ரெண்டு தடவை எண்ணினார். அதிலே 87, இதிலே 87. ஹெச்.எம். மேடம் மூன்றாம் தடவை எண்ணி, பீரோவில் வைத்துப் பூட்டி, பீரோ சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். இவ்வளவு பத்திரமாக வருஷக் கடைசிப் பரீட்சைக் கேள்வித்தாளைக்கூட யாரும் வைத்ததில்லை.

ஒரு சாவி குறையவில்லை. எந்தச் சாவி எந்த வண்டிக்கு என்பது மட்டும்தான் யாருக்கும் தெரியாது.

இதற்கு ஒரு சுருள் செலோ டேப் போதும். சீட்டுக்குக் கீழே பிரேமில் அடித்திருக்கும் நம்பரின் கடைசி நாலு இலக்கத்தைத் துண்டு டேப்பில் எழுதிச் சாவியில் ஒட்டிவிட வேண்டும். எப்படியும் விநியோகப் பதிவேட்டில் அந்த நம்பரை எழுதத்தான் போகிறோம். ஒரே நேரத்தில் ரெண்டு வேலையும் முடியும். அடுத்த வருஷம் யாராவது ஞாபகம் வைத்திருந்தால் சரி. வைத்திருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை பத்தரை மணியில் இருந்து பிளஸ் ஒன் பிள்ளைகள் 87 பேரும் சாமியானாவுக்குள். பதினோரு ஊர்ப் பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி, ஆறாம் வகுப்புக்கு மூன்று கிலோமீட்டர். அதற்கு மேல் படிக்க ஆசைப்பட்டால் காலில் தெம்பு இருக்கிறது, நட என்று அர்த்தம். கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் கடைசி ஊர் நமக்கு ஒன்பது கிலோமீட்டர். பஸ் ஒரு நாளைக்கு மூன்று தடவை: காலை 7.50, மத்தியானம் 1.15, சாயங்காலம் 5.10. அதை விட்டால் நடராஜா சர்வீஸ். இந்த சைக்கிள் மட்டும் இல்லையென்றால் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளில் பாதி பத்தாம் வகுப்போடு தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும். இந்த வருஷம் பிளஸ் ஒன்னிலேயே வண்டி வந்துவிட்டது என்பதே பெரிய விஷயம். போன செட்டுக்கு வந்தபோது பிளஸ் டூ காலாண்டுப் பரீட்சை முடிந்திருந்தது.

எம்.எல்.ஏ. வந்தது மூன்று ஐம்பதுக்கு. விஷயம் தெரிந்தது மூன்று நாற்பதுக்கு.

ஒத்திகை பார்க்கலாம் என்று பி.டி. சார் முதல் வண்டியைத் தள்ளினார். நகரவில்லை. பீரோ திறந்தது, பாட்டில் வந்தது, மேசையில் கொட்டியது, எல்லார் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தது. பத்து நிமிஷத்தில் என்ன செய்வது? மேடையில் கொடுக்கப் போவது பத்தே பத்துப் பிள்ளைகளுக்குத்தான். எம்.எல்.ஏ. ஹேண்டில்பாரைப் பிடித்துக் கொடுப்பார், பிள்ளை வாங்கிக்கொண்டு ரெண்டு அடி தள்ளும், போட்டோ. பின் சக்கரம் சுற்றாவிட்டால் என்ன, முன் சக்கரம் சுற்றுகிறதே! பி.டி. சாரும் லேப் அசிஸ்டெண்டும் கேரியரைப் பிடித்துப் பின் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, போட்டோவில் தலை தெரியாமல் குனிந்தபடியே பத்து வண்டிக்கும் கூட நடந்தார்கள். முன்னால் இருந்து பார்க்க, பின்னால் ரெண்டு பேர் மரியாதைக்குக் குனிந்து வணங்குகிற மாதிரியே இருந்தது. எம்.எல்.ஏ.வும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன், ரெண்டு தடவை பதில் கும்பிடு போட்டார்.

பேச்சு அரை மணி நேரம். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம். யார் தொடங்கினார்கள், யார் விரித்தார்கள் என்பது மேடையில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, உங்களுக்குத் தெரியாததா.

ஐந்து மணிக்குக் கார்கள் கிளம்பின. 5.10 பஸ் கேட்டில் நின்று ரெண்டு தடவை ஹாரன் அடித்தது. "நீங்க போங்கண்ணே, இன்னிக்கு நாங்க சைக்கிள்ல வர்றோம்" என்று பிள்ளைகள் பெருமையாகக் கையாட்டி அனுப்பிவிட்டார்கள். பஸ் போன பிறகுதான் அவர்களிடம் பாட்டில் விஷயம் சொல்லப்பட்டது.

முதல் பத்து நிமிஷம் சந்தைக்கடை. ஆளுக்கொரு சாவியை எடுத்து, கண்ட பூட்டில் நுழைத்து, சேராவிட்டால் மறுபடி அதே குவியலில் போட்டார்கள். இப்படிச் செய்தால் அடுத்த பொங்கல் வரை செய்யலாம். கணக்கு சார் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகக் கணக்குப் போட்டார். முதல் வண்டிக்கு அதிகபட்சம் 86 சாவி போட்டுப் பார்க்க வேண்டும், 87ஆவது தானாகவே சரி. அடுத்ததற்கு 85. இப்படியே கூட்டினால் 3,741 தடவை. தடவைக்குப் பத்து விநாடி வைத்தால் பத்து மணி நேரத்துக்கு மேல். "பதினொண்ணாம் வகுப்புக் கணக்குல நாலாவது பாடமே சேர்ப்பியல்தான், இப்பப் புரியுதா?" என்று ஒரு கேள்வி வேறு.

பதில் கணக்கு குரூப்பில் இருந்து வரவில்லை. கடைசி ஊர்ப் பெண், தொழிற்கல்வி குரூப், அம்மா நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவர். அது குவியலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, "சார், இதுவும் இதுவும் ஒரே நம்பர்" என்றது.

பார்த்தால் உண்மைதான். விலை குறைந்த பூட்டில் 87 விதமாகச் சாவி வெட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். கொஞ்சம் விதத்தையே திரும்பத் திரும்ப அடிப்பார்கள். சாவியில் அடித்திருக்கும் நம்பர் வாரியாகப் பிரித்தால் மொத்தமே 19 விதம். ஒரு நம்பருக்கு மூன்று, நாலு, அஞ்சு சாவி. ஒரு நம்பருக்கு மட்டும் பதினொன்று. "நடவு வரிசை மாதிரி நின்னுக்கலாம் சார்" என்று அதுவே சொல்லியும் கொடுத்தது. 19 பேர், ஆளுக்கு ஒரு நம்பர், அந்த நம்பர் சாவி அத்தனையும் கைப்பிடியில். ஒருவர் பின்னால் ஒருவராக வண்டி வரிசையோடு நடக்க வேண்டும். ஒவ்வொரு பூட்டிலும் ஒரு தடவை போட்டுப் பார். திறந்தால் சாவி பூட்டிலேயே மாட்டிக்கொள்ளும், அப்படியே விட்டுவிட்டுக் கையில் இருக்கும் அடுத்த சாவியோடு அடுத்த வண்டிக்குப் போ. ஏற்கெனவே திறந்திருந்தால் தாண்டு. கை காலியானால் உன் வேலை முடிந்தது. ஒரு நம்பரில் எத்தனை சாவியோ அத்தனை வண்டிதான் இருக்கும் என்பதால் மிச்சமும் வராது, குறையும் வராது.

கணக்கு சார் கணக்கில் பதினேழு நிமிஷம். நிஜத்தில் இருபத்தைந்து ஆனது. புதுப் பூட்டு, சில சாவி பாதியில் சிக்கியது. எண்ணெய்க்கு எங்கே போவது? பெண்பிள்ளைகள் சாவியைத் தலையில் ரெண்டு இழுப்பு இழுத்துக்கொண்டார்கள். ரெட்டைச் சடைக்குக் காலையில் அம்மா வைத்துவிட்ட தேங்காயெண்ணெய் சாயங்காலம் பூட்டுக்கு ஆனது. வழவழவென்று போனது. பையன்கள் வரிசை கொஞ்சம் தாமதம். எல்லாம் கிராப்புத் தலை.

87ம் திறந்ததும் கைதட்டல். ஏறி உட்கார்ந்ததும் அடுத்த பிரச்சினை: காற்று இல்லை. வெள்ளிக்கிழமை அடித்தது திங்கட்கிழமைக்குள் பாதி வண்டியில் இறங்கிவிட்டது. டியூப் ஓட்டை இல்லை. வால்வுக்குள் இருக்கும் வால் டியூப், அந்தச் சின்ன ரப்பர் உறை, குடோனில் கிடந்து கிடந்து காய்ந்து வெடித்திருந்தது. டீ காசுகூட ஆகாத சமாச்சாரம், ஆனால் அது இல்லாமல் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. விளையாட்டு அறை பம்ப் பந்துக்கான ஊசி பம்ப், உதவாது. முக்குக்கடை சைக்கிள் அண்ணன்தான் கால் பம்பையும் ஒரு சுருள் வால் டியூபையும் டி.வி.எஸ்.ஸில் வைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் சும்மா காற்று மட்டும் அடித்துவிட்டுப் போகிற ஆளா? வரிசையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். வலது பெடலை அவசரத்தில் இடது கிராங்கில், அதாவது பெடல் மாட்டுகிற அந்தக் கம்பியில், திருகினால் முதல் ரெண்டு சுற்று ஏறுகிற மாதிரி ஏறும், அப்புறம் மரையைத் தின்றுவிடும். மூன்றாம் நாள் பெடல் கையோடு வரும். அப்படி நாலு வண்டி. கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆணி, கோட்டர் பின், ரெண்டும் எதிரெதிராக இறங்க வேண்டும், ஒரே பக்கமாக அடித்தால் ரெண்டு பெடலும் நேர்க்கோட்டில் நிற்காது, நொண்டி நொண்டித்தான் மிதிக்கணும். அது ரெண்டு. பிரேக் கட்டையின் கூட்டில் மூடிய முனை முன் பக்கம் இருக்கணும். திருப்பி மாட்டியிருந்தால் முதல் பிரேக்கிலேயே கட்டை கழன்று ரோட்டில் ஓடும். அது ஆறு. ஒரு வண்டியில் பின் சக்கரம் ஆடியது. "பின் ஹப்புக்கு ஒரு பக்கத்துக்கு ஒம்பது பேரிங் குண்டு, கால் இஞ்ச் குண்டு. இதுல எத்தனை போட்டானோ" என்று கழற்றிப் பார்த்தால் ஏழு. காசு எவ்வளவு என்று கேட்டதற்கு மேடத்தைப் பார்த்து, "நானும் இங்கதானே மேடம் பெயிலானேன்" என்றார்.

ஆறே காலுக்கு இருட்டிவிட்டது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை அப்பாக்கள் வந்து அழைத்துப் போனார்கள். கண்மாய்ப் பக்கத்துப் பிள்ளைகள் பதினாலு பேர், அதில் ஒன்பது பெண்கள். வண்டியில் லைட் கிடையாது. ரோட்டு ஓரம் பூராவும் சீமைக்கருவேல். முள் ஏறினால் பிடுங்காதே, முள்ளோடு ஓட்டினால் வீடு வரை காற்று தாங்கும், பிடுங்கினால் அந்த இடத்திலேயே உட்காரணும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹெச்.எம். மேடம் ஸ்கூட்டியை எடுத்துவிட்டார். "நான் பின்னாடி வர்றேன். கிளம்புங்க."

அந்த மேடம்தான். காலையில் ஒன்பது பத்துக்கு மேல் வந்தால் கேட்டைப் பூட்டுகிற அதே மேடம்.

பின்னால் இருந்து லைட் அடித்தால் ஒவ்வொருத்தர் நிழலும் அவரவருக்கு முன்னால் விழுந்து பள்ளத்தை மறைத்தது. அதனால் பிள்ளைகள் இடது ஓரம் ஒற்றை வரிசை, மேடம் நடு ரோட்டில் கொஞ்சம் வலது தள்ளி. சைக்கிள் வேகத்துக்கு ஸ்கூட்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரெண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டேதான் போகணும். ஒன்பது கிலோமீட்டர். செயின் கவர் உரசி பதினாலு வண்டியும் கரக் கரக் என்று கத்தியதில் வழியில் இருந்த அத்தனை நாயும் குரைத்ததாம். கண்மாய்க்கரைக்கு ஊரே டார்ச்சோடு வந்து நின்றதாம். காபி குடிக்காமல் விடவில்லையாம். இன்று காலை மேடம் செருப்பு புதுசு.

இன்று காலை இன்னொன்றும் தெரிந்தது. ஒரே நம்பர் சாவி பதினொரு பேரிடம் இருக்கிறது. எல்லாம் ஒரே நிறம், ஒரே கூடை. முதல் பீரியடுக்குள்ளேயே மூன்று வண்டி மாறிப்போய், ஹேண்டில்பாரில் ரிப்பன், சேலைக் கரை, மாட்டுக்குக் கட்டும் சங்கு எல்லாம் ஏறிவிட்டது. ரெண்டாவது பீரியடில் ஒருத்தன் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று அழுதுகொண்டு ஆபீசுக்கு வந்தான். தாத்தா மஞ்சப்பையை எடுத்து நீட்டினார்.

"கைய விட்டு ஒண்ணு எடுப்பா. சேரலேன்னா இன்னொண்ணு எடுத்துக்க."