அம்மாவின் ஐசி நம்பர் அவனுக்கு எப்படித் தெரிந்தது?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன வாரம் ஒரு போன் வந்தது, பேசியவன் அம்மாவின் முழுப் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், வீட்டு முகவரி எல்லாவற்றையும் மளமளவென்று சொல்லிவிட்டு, உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, உடனே பணம் கட்டுங்கள் என்று மிரட்டியிருக்கிறான். அம்மா கட்டவில்லை. ஆனால் அன்று இரவு தூங்கவும் இல்லை.

2017-இல் நம் மலேசியாவில் 4 கோடியே 60 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்போது, கசிந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. இப்போது சட்டத்தைத் திருத்தி, 2025 ஜூன் 1 முதல் நிறுவனங்கள் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும், பெரிய பாதிப்பு என்றால் அவரிடம் சொன்னதிலிருந்து 7 நாளுக்குள் நமக்கும் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மனதார வரவேற்கிறேன்.

சரி, அரசாங்கம்? மத்திய, மாநில அரசுகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. நம் விவரங்கள் மலைபோல் குவிந்து கிடப்பது அவர்களிடமும்தானே! அந்த விலக்கை எடுக்காமல் நிறுவனங்களை மட்டும் பிடிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அம்மா இப்போது தெரியாத எண் என்றால் எடுப்பதே இல்லை, கிளினிக்கிலிருந்து வரும் அழைப்பைக்கூட.