எஞ்சின் செயலிழப்புப் பயிற்சி: பறத்தல் தேர்வுக்குத் தயாராவோருக்கு என் அனுபவம்

தனியார் விமானி உரிமத்துக்கான பறத்தல் தேர்வில் தேர்வாளர் எந்த நேரத்திலும் த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) முழுவதுமாகப் பின்னுக்கு இழுத்து, எஞ்சின் நின்றுவிட்டதாகக் கொள்ளச் சொல்லலாம். நான் செஸ்னா 152 விமானத்தில் பயின்றேன். தொடக்கப் பயிற்சிகளில், இரைச்சல் அடங்கிய உடனேயே காரணத்தைத் தேடி எரிபொருள் வால்வை நோக்கிக் குனிந்துவிடுவேன். உயரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் என் இடக்கை அதற்குள் யோக்கை (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை) பின்னுக்கு இழுத்திருக்கும். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தபோது வேகமானி 50 நாட் (மணிக்கு 50 கடல் மைல்) அளவுக்கு இறங்கியிருந்தது. பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் மூக்கைத் தாழ்த்தினார்.

இந்த விமானத்தின் கிளைடு வேகம், அதாவது எஞ்சின் விசையின்றி மிக அதிக தூரம் மிதந்து செல்லும் வேகம், 60 நாட். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் எட்டக்கூடிய தூரம் சுருங்கும். காற்றில்லாத நிலையில் 1000 அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை கடல் மைல் தூரமும், ஏறத்தாழ ஒன்றரை நிமிடமும் கிடைக்கும். எனவே 3000 அடியில் நமக்குக் கிடைப்பது நான்கரை நிமிடம். பதறுவதற்கு அவசியமில்லாத அளவு நேரம்தான் அது. கையை எடுத்தாலும் விமானம் 60 நாட்டிலேயே நிற்க ட்ரிம் சக்கரத்தை எவ்வளவு உருட்ட வேண்டும் என்பது விரல்களுக்குப் பழகும்வரை பயிற்சி செய்யுங்கள். மற்ற வேலைகளுக்கு மனம் ஒழிவது அதன் பிறகுதான்.

அடுத்தது இறங்கும் இடம். காற்றின் திசையை முன்கூட்டியே அறிந்து வைத்திருங்கள். மின்கம்பிகள் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது என்பதால் கம்பங்களைத் தேடுங்கள். ஓர் இடத்தைத் தேர்ந்தபின், அதைவிடச் சற்று நல்லதாகத் தோன்றும் இன்னொன்றுக்கு மாறாதீர்கள். நான் அப்படி மாறி இரண்டையும் எட்டாமல் போயிருக்கிறேன்.

காரணம் தேடுவது இதன் பின்னரே: கார்புரேட்டர் ஹீட் (எரிபொருளும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் பிடி), பிரைமர் (எஞ்சினைக் கிளப்பக் கூடுதல் எரிபொருள் செலுத்தும் கைப்பம்பு), எரிபொருள் வால்வு, மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்று விகிதத்தை மாற்றும் பிடி), மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி). இவற்றில் கார்புரேட்டர் ஹீட்டை முதலில் இழுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. எரிபொருள் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் விரையும்போதும் கார்புரேட்டருக்குள் வெப்பம் வெகுவாகக் குறைவதால், ஈரப்பதம் மிகுந்த வெப்பமான நாளிலும் உள்ளே பனிக்கட்டி படியக்கூடும். அதை உருக்கும் சூடு புகைபோக்கிக் குழாயிலிருந்தே வருகிறது. எஞ்சின் நின்றபின் அது விரைவில் ஆறிவிடும். நேரம் மிஞ்சினால் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் மேடே என்ற ஆபத்து அழைப்பும், டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு அடையாளம் அனுப்பும் கருவியில்) 7700 என்ற அவசரக் குறியீடும்.

ஓடுபாதையை விட்டு எழும்பியவுடன் எஞ்சின் நின்றால் இந்த வரிசைக்கு நேரமில்லை. மூக்கு உயர்ந்திருக்கும் நிலையில் வேகம் சில நொடிகளில் கரைந்துவிடும். எனவே உடனே மூக்கைத் தாழ்த்தி, ஏறக்குறைய நேர் எதிரே உள்ள இடத்திலேயே இறங்க வேண்டும். ஓடுபாதைக்குத் திரும்பும் ஆசை மிகவும் ஆபத்தானது. 45 பாகை சாய்வில் உயரம் மாறாமல் திரும்பினால் ஸ்டால் வேகம் (அதற்குக் குறைந்தால் இறக்கைகள் விமானத்தைத் தாங்காத வேகம்) ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. தாழ்வான உயரத்தில் ஸ்டாலானால் மீள இடமிருக்காது. நான் ஒவ்வொரு முறை புறப்படும் முன்னும் "நின்றால் மூக்கு கீழே, நேரே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன், தேர்வன்றும் சொன்னேன்.

பயிற்சியின்போது எஞ்சின் குளிர்ந்துபோகாமல் இருக்க, இறங்கும் வழியில் அவ்வப்போது த்ராட்டிலைச் சற்றுத் திறந்து மூடுங்கள். மீண்டும் மேலேறச் சொன்னால் த்ராட்டிலைச் சீராக முழுமையாகத் திறந்து, கார்புரேட்டர் ஹீட்டை மறவாமல் உள்ளே தள்ளுங்கள்.